துரைமார் தலையில் நெட்டி

பழைய ஜமீன் மாளிகைகளின் கூடங்களிலே மாட்டியிருக்கும் வேட்டைப் படங்களை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஒரு புலி செத்துக் கிடக்கும். அதன் முதுகின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையில் துப்பாக்கியுடன் ஒரு துரை நிற்பார். அந்தப் புலியைக் காட்டிலே தேடிக் கண்டுபிடித்து, தப்பட்டை கொட்டி விரட்டி, துப்பாக்கிக்கு நேராகக் கொண்டு வந்து நிறுத்திய பத்துப் பன்னிரண்டு பேர் பின்னாலே பெயரில்லாமல் குந்தியிருப்பார்கள். படத்திலே புலிக்கு அடுத்தபடியாக நம் கண்ணைக் கவருவது துரையின் தலையிலிருக்கும் தொப்பிதான். சட்டியைக் கவிழ்த்தாற்போல் உப்பி, நாலு பக்கமும் தாழ்வாரம் இறக்கிய அந்தத் தொப்பி இல்லாவிட்டால் வேட்டையும் இல்லை, துரைத்தனமும் இல்லை.

இவ்வளவு கம்பீரமான தொப்பியைக் கையிலே எடுத்துப் பார்த்தால் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். அது கனக்கவே கனக்காது. மேலே காக்கித் துணி, உள்ளே பச்சைத் துணி. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரும்பல்ல, தோலல்ல, மரமும் அல்ல. நெட்டி!

நெட்டி என்றால் எங்கள் புவனகிரிப் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தெரியும். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பிலே வர்ணம் தீட்டி, கழுத்திலே ஒரு மாலை போடுகிறோமே, பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சாயம் ஏற்றிய வட்ட வட்டத் துண்டுகளை நாரிலே கோத்த மாலை, அது நெட்டி மாலை. வெள்ளாற்றங்கரையிலும் காவிரிக்கரையிலும் அந்த மாலை இல்லாத மாட்டுப் பொங்கலைப் பெரியவர்கள் பொங்கல் என்றே ஒப்புக்கொண்டதில்லை. மாட்டின் கழுத்துக்கு நாம் சூட்டிய அதே பண்டத்தைத்தான் துரைமார் தங்கள் தலைக்குச் சூட்டிக்கொண்டு ராஜ்யபாரம் செய்தார்கள்.

நெட்டி ஒரு நீர்ச்செடி. மழை பெய்து ஏரியும் குளமும் தாமரைத் தடாகமும் நிரம்பும்போது, நிற்கும் நீரிலே தானாக முளைத்து வளர்வது. அவரைக்கும் துவரைக்கும் இது தூரத்து உறவு. மஞ்சள் நிறத்திலே சிறு பூப் பூக்கும். தாவர சாஸ்திரிகள் இதற்கு ஈஸ்கினோமினி ஆஸ்பெரா என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் மட்டும் நன்றாயிருக்கிறது. கிரேக்க பாஷையில் முதற் சொல்லுக்கு 'வெட்கப்படுவது' என்று அர்த்தம். இந்த ஜாதிச் செடிகளிலே சிலவற்றின் இலைகள் தொட்டால் நம் தொட்டாற்சிணுங்கியைப்போல் சுருங்குமாதலால் அந்தப் பெயர். தண்டின் மேலே பழுப்பு நிறமான மெல்லிய பட்டை. அதைச் சீவி எடுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று, பஞ்சுபோல் மிருதுவான தக்கை. இதை நீருக்குள் அமுக்கினாலும் குதித்துக்கொண்டு மேலே வரும். கூர்மையான கத்தி இருந்தால் காகிதம்போல் மெல்லிய சுருளாக எடுக்கலாம்.

தொப்பி செய்பவர்கள் செய்ததும் அதைத்தான். தக்கையைத் தகடு தகடாகச் சீவி, மரத்தாற் செய்த தலை அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, காய்ந்த பிறகு துணியால் போர்த்தார்கள். தக்கைக்குள்ளே அடைபட்டிருக்கும் காற்று வெயிலின் உஷ்ணத்தை உள்ளே விடாது. தலையிலே சுமையும் தெரியாது. ஒரே ஒரு குறை. நீரிலே பிறந்த இந்த வஸ்து தொப்பியான பிறகு நீரைத் தாங்காது! நல்ல மழையிலே அகப்பட்டுக்கொண்டால் ஊறிப்போய், உளுந்து வடையைப் போல் ஆகிவிடும். ஆகவே மழைக்காலத்திலே தொப்பிக்கு மேலே மெழுகுத் துணியால் உறை ஒன்று போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கல்கத்தாவிலும் கான்பூரிலும் இன்னும் பல பட்டணங்களிலும் இந்தத் தொப்பிகள் விதவிதமான வடிவிலே வெளிவந்தன. குதிரைமேல் ஏறிக் காட்டுப் பன்றியை ஈட்டியால் குத்தும் வேட்டைக்காரர்களுக்கென்று தடித்த நெட்டியாலான 'கான்பூர் டெண்ட் கிளப்' என்ற தினுசு ஒன்று இருந்தது. குதிரையிலிருந்து விழுந்தாலும் மண்டை பிழைக்குமாம்.

இந்தத் தொப்பியின் பெயர் 'ஸோலா டோப்பி'. இங்கேதான் நமது கதை ஆரம்பமாகிறது.

'ஸோலா டோப்பி' என்ற பெயரை இங்கிலீஷ்காரர்களில் பாதிப்பேர் 'ஸோலார் டோப்பி' என்றே எழுதினார்கள். ஸோலார் என்றால் சூரிய சம்பந்தமானது. வெயிலிலிருந்து காப்பாற்றும் தொப்பி, ஆகையால் சூரியத் தொப்பி. இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டுமா? வேண்டாந்தான். ஆனால் அது உண்மையல்ல. வங்காளத்திலே நெட்டிக்கு 'ஷோலா' என்று பெயர். ஹிந்துஸ்தானியிலே 'ஸோலா'. நெட்டியாலான தொப்பி, ஸோலாத் தொப்பி. அவ்வளவுதான் சங்கதி. சூரியனுக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வங்காளிகள் இந்த ஷோலாவைத் துரைமார் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தலையிலே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கல்யாண மாப்பிள்ளை 'டோப்பர்' என்று ஒரு வெள்ளைக் கிரீடம் தரிப்பது வழக்கம். அது முழுக்க முழுக்க நெட்டி வேலை. துர்க்கை பூஜையிலே தேவியின் அலங்காரத்துக்கும் நெட்டி. இந்தக் கைத்தொழிலைப் பரம்பரையாகச் செய்து வருகிறவர்களுக்கு மாலாகாரர் என்று பெயர். கல்யாணத்தன்று ஒரு நாள் மாத்திரம் மாப்பிள்ளை தலையில் இருந்ததைத் துரைமார் வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஸோலார் என்ற பிழையைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிய புத்தகம் ஒன்று உண்டு. இந்தியாவிலே இங்கிலீஷ்காரர் வாயில் புகுந்து உருமாறிய சொற்களுக்கெல்லாம் அகராதியாக ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-ம் வருஷத்தில் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அது. அந்தப் புத்தகத்தின் பெயரே ஒரு வேடிக்கை. மொஹரம் ஊர்வலத்திலே "யா ஹஸன்! யா ஹுஸைன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு செய்யும் பிரலாபம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதிலே 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்று விழுந்ததாம்! இந்த இருவரில் பர்னெல் நமக்கு அன்னியரல்லர். தஞ்சாவூரிலே ஜட்ஜாக உத்தியோகம் பார்த்தவர். சரஸ்வதி மஹாலிலுள்ள ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை போட்டு 1880-ல் அச்சிட்டவர். பெரிய கோயிலை நெட்டியிலே சிற்ப நுணுக்கத்துடன் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் கைவினைக்குப் பேர்போன தஞ்சாவூரில் இருந்தவர், நெட்டியின் பெயரைப் பற்றிய அகராதிக்கு உழைத்தார் என்பதை நினைத்தால் சந்தோஷமாயிருக்கிறது. புத்தகம் வெளிவருமுன் 1882-லேயே அவர் காலமாகிவிட்டார்.

பெயரிலே புகுந்த சூரியன் அவ்வளவு சுலபத்தில் வெளியேறவில்லை. வெள்ளைத் தோல்காரர் தலையிலே இந்திய சூரிய கிரணம் பட்டால் அது மண்டையோட்டைத் துளைத்து மூளையையும் முதுகுத் தண்டையும் சிதைத்துவிடும் என்று அக்காலத்து வைத்தியர்கள் மெய்யாகவே நம்பினார்கள். குழந்தை முதல் கிழவர் வரை வாசற்படி தாண்டும்போது தொப்பி இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. முதுகிலே கட்டிக்கொள்ளத் தனியாகத் திண்டு வேறு! எதிரே வயலிலே, ஒரு முழத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் நாற்றுப் பிடுங்குகிறவனுடைய மூளைக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் வைத்திருந்த பதில், அவன் வேறு ஜாதி மனிதன் என்பது. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பர்மாக் காடுகளிலே நெட்டித் தொப்பியைக் கைவிட்டுச் சாதாரணத் துணித் தொப்பியோடு சண்டை போட்டார்கள். யாருடைய மூளையும் உருகிவிடவில்லை. தத்துவமும் அதோடு தொலைந்தது.

தப்பான பெயர்க் காரணம் இங்கிலீஷ்காரருக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஸ்பெயின் தேசத்து வேட்டைத் தொப்பியின் கதையைக் கேளுங்கள். அந்த நாட்டுப் பாஷையிலே 'மொந்தே' என்றால் மலை. மரமடர்ந்த காட்டுக்கும் அதுவே பெயர். காட்டிலே மிருகங்களை வளைத்து வேட்டையாடுகிறவன் 'மொந்தேரோ'. அவன் தலையில் அணியும் குல்லா 'மொந்தேரா'. குறிஞ்சி நிலத்தானைக் குறவன் என்று அழைத்து, அவன் சூடும் கண்ணிக்கும் அவன் பெயரையே வைத்தாற்போல. காலக்கிரமத்திலே வேட்டைக்காரரின் குல்லா குடியானவர் தலைக்கு வந்தது. வடக்கே அஸ்தூரியாஸ் பிரதேசத்திலே கூர் முனை வைத்த மொந்தேராவை இன்றைக்கும் திருவிழாக்களில் அணிகிறார்கள். யாரையும் சட்டைசெய்யாதவனைப் பற்றி, 'உலகத்தையே மொந்தேராவாகத் தலையில் போட்டுக்கொண்டவன்' என்று அந்நாட்டில் பழமொழி.

இப்பொழுது மொந்தேரா என்றால் ஸ்பெயினில் உடனே நினைவுக்கு வருவது எருதுச் சண்டைக்காரனின் கறுப்புக் குல்லாதான். இரண்டு பக்கமும் புடைத்து, எருதின் கொம்பு முளைக்கிற இடத்தைப்போல் இருக்கும். இந்த வடிவம் வழக்கத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த எருதுச் சண்டை வீரர் பிரான்சிஸ்கோ மொந்தேஸ் என்பவர். 1805-ல் பிறந்து 1851-ல் இறந்தவர். மொந்தேஸ் அணிந்த குல்லா, ஆகையால் மொந்தேரா என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கினார்கள். எவ்வளவு பொருத்தம்! ஆனால் மொந்தேஸ் பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே இங்கிலீஷ் நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் தமது 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யில் ஒரு கார்ப்பொரலின் தலையிலே சிவப்பு 'மொந்தேரோ' குல்லாவை வைத்துவிட்டார். பேரன் பெயரைப் பாட்டனுக்கு வைத்த கதையாய்ப் போயிற்று.

இரண்டு கதைகளிலும் நடந்திருப்பது ஒன்றே. காட்டிலே திரிந்த பெயரற்ற வேட்டைக்காரர்களின் சொல்லை எடுத்து ஒரு பிரபல வீரருக்குக் கொடுத்தாயிற்று. குளத்திலே இறங்கி நெட்டி அறுத்தவர்களின் சொல்லை எடுத்துச் சூரிய பகவானுக்குக் கொடுத்தாயிற்று. சொல்லுக்கு ஆதியில் உரியவன் ஏழை. ஆகவே வழக்குத் தொடுக்க வரமாட்டான்.

இவ்வளவு தூரம் அன்னியரைப் பரிகாசம் செய்தபிறகு நம்மவரைச் சும்மா விடுவது நியாயமாகாது. 'ஸோலா' என்று கேட்டவுடனே தமிழன் மனத்தில் என்ன தோன்றும்? "சோலை! ஆஹா, தமிழ்ச் சொல்!" என்பார் ஒருவர். "சோலையாவது! நெட்டி விளைவது எந்த நாட்டில்? சோழ நாட்டில். சோழத் தொப்பிதான் ஸோலாத் தொப்பியாகிவிட்டது" என்பார் மற்றொருவர். அப்புறம் ராஜராஜன் நெட்டித் தொப்பி தரித்துக்கொண்டுதான் ஈழத்தின்மேல் படையெடுத்தான் என்று நிலைநாட்ட அதிக நேரம் ஆகாது. தேசாபிமானமும் பாஷாபிமானமும் நமக்கு வேண்டியவைதான். ஆனால் காதில் விழும் ஒலியொற்றுமையை வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாடுவது ஸோலார் துரைகள் செய்த வேலையே தவிர வேறில்லை.

உள்ளபடி சொன்னால், தலைக்கு அணியும் பொருள்களிலே நாம் அன்றாடம் சொல்லும் பெயர்களிற் பல வெளியிலிருந்து வந்தவை. தொப்பி, ஹிந்துஸ்தானி 'டோப்பி'. அதையும் நாம் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயரிட்டு நமதாக்கிக்கொண்டோம். குல்லா, பாரசீகத்து 'குலாஹ்'. பிறகு ஒருவரை இச்சகம் பேசி மயக்குவதற்குக் 'குல்லாப் போடுவது' என்று சொல்லி, பாரசீகருக்குத் தெரியாத உபயோகத்தை நாம் கண்டுபிடித்தோம். கிராமத்துப் பெரியதனக்காரர் மிடுக்காகக் கட்டும் உருமாலை இருக்கிறதே, அது பாரசீகத்தில் 'ரூமால்', அதாவது முகம் துடைக்கும் கைக்குட்டை! முகத்தைத் துடைக்க வந்தது தலையிலேறி உட்கார்ந்துவிட்டது. மற்றபடி இந்த நாட்டிலே ஜனங்கள் தலைக்குத் தொப்பி தைக்க வேண்டிய அவசியமே அதிகம் இருந்ததில்லை. புவனகிரித் தறிகளிலே நெய்து வருகிற துண்டு ஒன்று போதும். வெயிலுக்குச் சுற்றலாம், சுமைக்குச் சும்மாடாக்கலாம், பெரியவர்கள் எதிரே வந்தால் இடுப்புக்கு இறக்கலாம். சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள் தம் திருமுடியை மூடியதும் ஒரு வெள்ளை வஸ்திரத்தின் தலைப்பால்தான்.

ஆதலால் தைத்த தொப்பி அணிந்தவன் நம் ஊரில் தனியாகத் தெரிந்தான். வெள்ளாறு புவனகிரியைக் கடந்து சிறிது தூரம் ஓடி பரங்கிப்பேட்டையிலே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்திலேதான் போர்த்துகீசியர் வந்து இறங்கி, 'புதுத் துறை' என்று பொருள்பட போர்ட்டோ நோவோ என்று பெயரிட்டார்கள். பின்னால் டச்சுக்காரர் வந்தார்கள், இங்கிலீஷ்காரர் வந்தார்கள். 1690-ல் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டணத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். வந்தவர்கள் எந்த நாட்டார் என்று நம் ஜனங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. எல்லாரும் பரங்கிகள், எல்லாரும் தொப்பிக்காரர்கள். ஒரு மனிதனுடைய மதத்தையும் ராஜ்யத்தையும் கையிலுள்ள பலத்தையும் சேர்த்து ஒரே வார்த்தையில் சொல்வதற்குத் தொப்பி என்ற சொல் போதுமானதாயிருந்தது.

அந்தச் சொல்லின் பலம் எவ்வளவு என்பதை இங்கிலீஷ்காரர் 1806-ம் வருஷத்தில் வேலூரிலே தெரிந்துகொண்டார்கள். அதற்கு முந்தின வருஷம் நவம்பர் மாதத்திலே சென்னைப் பட்டாளத்தின் பிரதம சேனாதிபதி ஸர் ஜான் கிரடாக் புதிய உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியிலே சமயக் குறி இடக்கூடாது. தாடியை எடுத்துவிட வேண்டும். தலையில் புதுவிதமான தலைப்பாகை தரிக்க வேண்டும் என்பவை அந்த உத்தரவிலே உண்டு. கம்பெனியின் காகிதங்களிலே அதன் பெயர் 'டர்பன்', அதாவது தலைப்பாகை. சிப்பாய்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வட்டமாயிருந்தது, முன்புறத்திலே தோலாற் செய்த பட்டை இருந்தது. "இது தலைப்பாகை அல்ல, தொப்பி" என்றார்கள். தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற கேள்வியும் பிறந்தது. இதை வைத்துக்கொண்டால் வீட்டிலே சோறு போடமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், தொப்பிக்காரன் மதத்தில் சேர்ந்துவிட்டான் என்பார்கள் என்று அஞ்சினார்கள்.

மே மாதத்திலே வேலூர்க் கோட்டையில் ஒரு பட்டாளம் அதைத் தொட மறுத்தது. இருபத்தொரு பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரணை செய்தார்கள். ஒரு ஹிந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்குத் 900 கசையடி. மற்றப் பத்தொன்பது பேருக்கு 500 கசையடி என்று விதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டபின் விட்டுவிட்டார்கள். ஜூலை 10-ந் தேதி, பொழுது விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையிலே துப்பாக்கி முழங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டபோது சிப்பாய்களில் நூற்றுக்கணக்கானவர் கொல்லப்பட்டார்கள். கோட்டையிலே சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் குமாரர்கள், சிப்பாய்களுக்கு இருந்த வேறு குறைகள் என்று அந்தக் கிளர்ச்சிக்கு இன்னும் பல காரணங்கள் உண்டு. ஆனால் தீக்குச்சி அந்தத் தொப்பிதான். உத்தரவை ரத்துச் செய்தார்கள். கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்க் பிரபுவையும் அடுத்த வருஷம் சீமைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், தலைப்பாகையா தொப்பியா என்ற அந்த ஒரு தர்க்கத்துக்கு எத்தனை உயிர் பலியாயிற்று என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நெட்டிக்கு நமக்கே உரிய பழைய பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது 'கிடை'. வெண்மையைச் சேர்த்து 'வெண்கிடை' என்றும் சொல்வதுண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ல் பதிப்பித்துத் தமிழருக்குத் திரும்பக் கொடுத்த புறநானூற்றிலே, எழுபத்தைந்தாவது பாட்டில் அது வருகிறது. பாடியவர் புலவர் அல்லர், ஓர் அரசன். அதிலும் சோழன்! சோழன் நலங்கிள்ளி. (சோழத் தொப்பிக்காரர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும், அவன் சொன்னதும் கிடை என்றுதான், சோழா என்றல்ல.)

அவன் சொல்லும் விஷயம் அரசுரிமையின் கனத்தைப் பற்றியது. மூத்தவர்களைக் காலன் கொண்டுபோக, ஊழ்வசத்தால் ராஜ்யம் கைக்கு வந்து சேருகிறது. "கிடைத்ததே பெரிய சிறப்பு" என்று எண்ணிக்கொண்டு குடிகளிடம் இறை கேட்டு இரந்து நிற்கும் சிறியவன் ஒருவனிடம் அது சேர்ந்தால் அவனால் தாங்க முடியாத பாரமாகிவிடும். தாளாண்மையுள்ள பெரியவனிடம் சேர்ந்தாலோ அது மிக மிக லேசானது. எவ்வளவு லேசு? நீர் வற்றிப்போன குளத்தின் கரையிலே வெயிலில் காய்ந்து கிடக்கும் சிறிய நெட்டித் தண்டு எவ்வளவு லேசோ, அவ்வளவு. வெண்கொற்றக் குடையும் முரசும் உடைய ஒரு வேந்தன், தன் அரசுச் செல்வத்துக்கு உவமை தேடும்போது பொன்னையோ யானையையோ தேடவில்லை. வற்றின குளத்தில் கிடக்கும் நெட்டியைத் தேடிப் பிடித்தான்.

அதே நெட்டியை ஆள்கிறவர்கள் தலையிலே வைத்துக்கொண்டு, அது இல்லாமல் அரசாட்சி நடக்காது என்று நினைத்த காலம் பின்னால் வரும் என்று நலங்கிள்ளிக்குத் தெரிய நியாயமில்லை. குடிகளிடம் வரி கேட்டு நின்ற கலெக்டர் துரைகள் புறநானூறு படித்திருந்தால் அவர்களுக்குத் தொப்பி கொஞ்சம் கனத்திருக்கலாம்.

தொப்பியைக் கழற்றும் விஷயத்திலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. காந்தியடிகள் கதரினாற் செய்து பரப்பிய வெள்ளைக் குல்லா, தேச முழுவதும் தொண்டர்களின் அடையாளமாகி, அதைக் கண்ட அதிகாரிகள் எரிச்சல் கொண்டு சில இடங்களிலே தடையுத்தரவே போட்டது நேயர்களுக்குத் தெரிந்ததே. அந்தக் குல்லாவை அடிகளே கழற்றி வைத்தது மதுரையில். 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, இடுப்பு முண்டு கட்டுவதற்கே வழியில்லாத ஏழைகள் நாட்டிலே தலைக்கும் உடம்புக்கும் இவ்வளவு துணி எதற்கு என்று தீர்மானித்து, குல்லாவையும் சட்டையையும் விட்டு அரைமுழத் துண்டோடு வெளியே வந்தார். தொண்டர்கள் குல்லாவை விடவில்லை. 'காந்தி குல்லா' என்ற பெயர், காந்தி அணியாத குல்லாவுக்கு நிலைத்துவிட்டது. பெயர்களின் வேடிக்கைகளிலே இதுவும் ஒன்று.

நெட்டித் தொப்பி போனது வேறு விதமாக. சீமையிலிருந்து வருகிறவர்கள் போர்ட் ஸெயித் துறைமுகத்துக் கடைகளிலே முதல் தொப்பியை வாங்குவார்கள். உத்தியோகம் முடிந்து கடைசி முறையாகத் திரும்புகையில், ஸூயஸ் கால்வாயைத் தாண்டினதும் கப்பலிலிருந்து அதைக் கடலில் வீசி எறிவது ஒரு சம்பிரதாயமாக இருந்தது. 1947-க்குப் பிறகு அப்படி மிதந்த தொப்பிகள் கொஞ்சமல்ல. நெட்டியாதலால் உடனே மூழ்கியிருக்காது.

தொப்பி போனாலும் நெட்டி போகவில்லை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையிலே, நாகஸ்வரம் கடைகிற அதே ஊரில், தை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து நெட்டி மாலை கட்டுகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு ஊரார் தங்கள் சரக்கைத் தஞ்சாவூர் நெட்டி என்று சொல்லி விற்க முடியாது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. செடிக்கு வரவில்லை. நெட்டியை யாரும் விதைப்பதில்லை. நீர் நின்றால் முளைக்கும், நில்லாவிட்டால் முளைக்காது. ஏரி தூர்ந்து, குளம் மனைக்கட்டாக மாறின இடத்தில் அதற்கு வேலையில்லை. இருக்கிற நீர்நிலைகளைத் தேடி வெகுதூரம் போய், இடுப்பளவு நீரிலே இறங்கி, பாம்புக்கும் அட்டைக்கும் நடுவே அறுத்து, தலைச்சுமையாகக் கரையேற்றி, உலர்த்தி, பட்டை சீவி, துண்டு போட்டு, சாயம் தோய்த்துக் கோத்தால் மாலை. இத்தனைக்கும் சேர்த்துக் கிடைக்கும் விலையைக் கேட்டால், அடுத்த தலைமுறை ஏன் வேறு வேலைக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றாது.

போட்டிக்குப் பிளாஸ்டிக் மாலை வந்திருக்கிறது. நெட்டி மாலை அறுந்து கொட்டிலில் விழுந்தால் சாணத்தோடு எருக்குழிக்குப் போய் மக்கி, அடுத்த போகத்துக்கு வயலில் சேரும். பிளாஸ்டிக் மக்காது; தின்ற மாட்டின் வயிற்றிலே தங்கி அதன் உயிருக்கு உலை வைக்கும். பொங்கல் சமயத்தில் கடைத்தெருவிலே இரண்டு மாலைகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பிளாஸ்டிக் மாலை அதிகப் பளபளப்பாயிருக்கும்; கழுவி வைத்தால் வருகிற வருஷத்துக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொல்லுவார்.